குளிர்கலனின் கழுத்து

காந்த ஒத்ததிர்வு ஆய்வில் கிடைக்கும் சமிக்ஞை எப்போதும் வலுவற்றதாக இருப்பதற்குக் கருவியின் குறை காரணமன்று. அணுக்கருக்களின் இயல்பே அத்தகையது. காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்களுள் ஏறத்தாழ ஒரு பாதி புலத்தின் திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் நிற்க, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தது போக எஞ்சும் சிறு மிகுதி மட்டுமே சமிக்ஞையாக வெளிப்படுகிறது; இம்மிகுதி மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதையே முனைவாக்கம் என்பர். உடல் வெப்பநிலையில், 3 டெஸ்லா புலத்தில், 40 லட்சம் கார்பன்-13 அணுக்கருக்கள் இருந்தால் அவற்றுள் மிகுதியாக நிற்பவை சுமார் 10தான். இந்த விகிதத்தைப் பல்லாயிரம் மடங்கு உயர்த்தும் முறைகளுக்கு மிகைமுனைவாக்கம் என்று பெயர்.

அம்முறைகளுள் மருத்துவ ஆய்வு வரை எட்டியிருப்பது இயங்கு அணுக்கரு முனைவாக்கம், அதாவது டி.என்.பி. எலக்ட்ரானின் காந்தத் திறன் கார்பன்-13 அணுக்கருவினுடையதைப் போல் 2,600 மடங்குக்கும் மேற்பட்டது, ஆகவே 3.35 டெஸ்லா புலத்தில் 1.2 கெல்வினுக்குக் குளிர்விக்கப்பட்ட ஒரு பொருளில் இணையற்ற எலக்ட்ரான்கள் 95 விழுக்காடு முனைவாக்கம் பெற்றுவிடுகின்றன, அதே குளிரில் அதே புலத்தில் கார்பன்-13 அணுக்கருக்களோ 0.07 விழுக்காட்டைத்தான் எட்டுகின்றன. இணையற்ற எலக்ட்ரானைத் தாங்கிய தனி உறுப்பு மூலக்கூறுகளைச் சிறிதளவு கலந்து, எலக்ட்ரானின் ஒத்ததிர்வுக்கு நெருங்கிய அதிர்வெண்ணில் நுண்ணலையைச் செலுத்தினால், எலக்ட்ரானிடமுள்ள ஒழுங்கு அணுக்கருவுக்குக் கைமாறுகிறது. இக்கைமாற்றத்தை 1953இல் ஆல்பர்ட் ஓவர்ஹவுசர் உலோகங்களுக்குக் கணித்தார். அதே ஆண்டில் கார்வரும் ஸ்லிக்டரும் லித்தியத்தில் அதைக் காட்டினர். மின்கடத்தாத திண்மங்களுக்கான வழியை 1958இல் அப்ரகாமும் பிராக்டரும் திறந்தனர். இயற்பியல் இவ்வாறு முன்பே கைவசம் இருந்தும், அது திரவ மாதிரிகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் பயன்படும் கருவியாக மாற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் ஸ்வீடனின் மால்மோ நகரில் யான் ஹென்ரிக் ஆர்டென்கயர்-லார்சன், கிளேஸ் கோல்மன் ஆகியோரின் குழு, குளிரில் முனைவாக்கிய திண்மத்தைக் கொதிநீரால் நொடிகளில் கரைத்து, சமிக்ஞை–இரைச்சல் விகிதத்தைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உயர்த்திக் காட்டியது.

இந்த வரலாற்றை எழுதும் நூல்கள் அணுக்கருக்களின் தற்சுழற்சிகளைப் பற்றி விரிவாகவும் அவற்றைத் தாங்கிய பாத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் பேசுவது வழக்கம். கருவியோடு நாள்தோறும் பழகுவோரின் மதிப்பீடு இதற்கு நேர்மாறானது. ஒரு கெல்வினுக்கு அருகில் குளிர்விப்பது குறைவெப்பநிலை ஆய்வகங்களுக்குப் பழகிய வேலை. துகள் இயற்பியலாளர்கள் முனைவாக்கிய இலக்குகளுக்காகப் பல பத்தாண்டுகளாக அதைச் செய்துவந்தனர். ஆனால் அவர்களுடைய குளிர்கலன் ஒருமுறை குளிர்ந்தபின் நெடுநாள் மூடியே கிடக்கும். கரைப்பு முறைக்கு வேண்டிய கலனோ ஒரே நாளில் பலமுறை திறக்கப்பட வேண்டியது, மாதிரியை உள்ளே வாங்க வேண்டியது, மணிக்கணக்கில் அதைக் குளிரில் வைத்திருக்க வேண்டியது, இறுதியில் கொதிநீரையும் தன்னுள் அனுமதிக்க வேண்டியது. இத்துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த வன்பொருள் மேம்பாடுகளுள் பெரும்பாலானவை, அறையின் வெப்பத்தையும் கலனின் குளிரையும் இணைக்கும் அந்தக் கழுத்துக் குழாயைச் சுற்றியே நிகழ்ந்திருக்கின்றன.

குளிரைத் தருவது திரவ ஹீலியம். வளிமண்டல அழுத்தத்தில் அது 4.2 கெல்வினில் கொதிக்கிறது. அதன் ஆவியைப் பம்பினால் இழுத்துக்கொண்டே இருந்தால், மண்பானைத் தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்வதைப் போலவே எஞ்சிய திரவமும் குளிர்கிறது. இதற்கு இரு விலைகள் உண்டு. முதலாவது, 4.2 கெல்வினிலிருந்து 1.3 கெல்வினுக்கு இறங்குவதற்குள் கலனில் ஊற்றிய திரவத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது. இரண்டாவது, கீழே போகப் போக ஆவியழுத்தம் மிக விரைவாகச் சரிகிறது: 1.2 கெல்வினில் அது சுமார் 0.8 மில்லிபார், 1 கெல்வினில் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. இந்த அழுத்தத்தில் வரும் வாயுவின் கனஅளவு மிகப் பெரிது. 1.2 கெல்வினில் இருக்கும் திரவத்துக்குள் 100 மில்லிவாட் வெப்பம் கூடுதலாகக் கசிந்தால், அதனால் எழும் ஆவியை அறை வெப்பநிலையில் இழுத்தெடுக்க மணிக்குச் சுமார் 130 கன மீட்டர் இழுதிறன் வேண்டும். குழாயின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே பெரிய பம்பை வாங்கிக் குளிரைக் கூட்ட முயல்வது பெரும்பாலும் வீண்செலவாகவே முடிகிறது. ஒரு கைவிரல் கனமுள்ள குழாயின் சுவரை மெலிதாக்கி, உள்ளே இறங்கும் வெப்பத்தைக் குறைப்பவர் அதே பயனைச் செலவின்றி அடைகிறார்.

வெப்பம் இறங்கும் வழிகள் எவை என்பதைக் கணக்கிடுவதே வடிவமைப்பின் முதல் வேலை. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட துருவேறா எஃகுத் தண்டின் ஒரு முனை அறை வெப்பநிலையிலும் மறுமுனை 4 கெல்வினிலும் இருந்தால் அதன் வழியே 0.3 வாட் இறங்கும். அதே அளவுள்ள செம்புத் தண்டில் இறங்குவது 16 வாட். ஒரு வாட் வெப்பம் மணிக்கு 1.4 லிட்டர் திரவ ஹீலியத்தைக் கொதிக்கவைக்கும் என்பதால், கழுத்தில் செம்புக்கு இடமில்லை என்பது சொல்லாமலே விளங்கும். நுண்ணலையைக் கீழே கொண்டுசெல்லும் அலைவழிக் குழாயில் மட்டும் இந்த விதி சங்கடத்தை உண்டாக்குகிறது. ஏனெனில் எஃகு வெப்பத்தைத் தடுப்பதுபோல நுண்ணலையையும் வழியிலேயே விழுங்கிவிடும். மெல்லிய எஃகுக் குழாயின் உட்புறத்தில் மட்டும் சில மைக்ரான் அளவுக்கு வெள்ளியோ தங்கமோ பூசுவது இதற்குக் கிடைத்த சமரசம். நுண்ணலை உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே ஓடுகிறது, வெப்பமோ முழுக் கனத்திலும் ஓடுகிறது என்ற வேறுபாட்டை இந்தப் பூச்சு பயன்படுத்திக்கொள்கிறது.

கதிர்வீச்சு மற்றொரு வழி. 300 கெல்வினில் உள்ள கரும்பரப்பு சதுர மீட்டருக்கு 460 வாட் அளவில் வீசும்; 77 கெல்வினில் அது 2 வாட்டாகக் குறைகிறது. கழுத்தின் நேர்கோட்டில் மேல்மூடி கீழேயுள்ள திரவத்தைப் பார்த்துவிடாதபடி இடையிடையே தடுப்புத் தகடுகளைப் பொருத்துவது இதனால்தான். அத்தகடுகளுக்கு வேறொரு பயனும் உண்டு: 4.2 கெல்வினிலிருந்து அறை வெப்பநிலை வரை சூடேறும்போது ஹீலியம் ஆவி உறிஞ்சக்கூடிய வெப்பம், அது திரவத்திலிருந்து ஆவியானபோது எடுத்த வெப்பத்தைப்போல் 70 மடங்குக்கும் மேற்பட்டது. வெளியேறும் ஆவியைத் தகடுகளின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு மேலேற வைத்தால், இறங்கவிருந்த வெப்பத்தின் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொண்டு போய்விடும். மாதிரியை இறக்கும் குழாய் நேராக இருந்தாக வேண்டும் என்பதால் அங்கே மட்டும் நிலையான தகடுகள் வைக்க இயலாது. மாதிரிக் கோலிலேயே சிறு வட்டுகளைக் கோத்து இறக்குவது நடைமுறை. அக்கோலை உருவியெடுத்த கணம் முதல் மூடியை அடைக்கும் வரை திரவத்தின் மீது அறையின் வெப்பம் நேராக விழுகிறது. அழுத்தமானியின் முள் அதை உடனே சொல்லிவிடும்.

கணக்கில் வராத வழியும் ஒன்று உண்டு. மேல்முனை மூடியும் கீழ்முனை திறந்தும் உள்ள மெல்லிய குழாய் குளிரை நோக்கி இறங்கும்போது, அதிலுள்ள ஹீலியம் வாயு தானாகவே அலைவுறத் தொடங்கலாம். டாக்கோனிஸ் அலைவு என வழங்கும் இது குறைந்த சுருதியில் முரலும், சில நேரம் காதுக்கு எட்டாமல் குழாயின் மேல் வைத்த விரலில் அதிர்வாக மட்டும் உணரப்படும். ஒவ்வோர் அலைவும் சூடான வாயுவைக் கீழும் குளிர்ந்த வாயுவை மேலும் தள்ளுவதால், வரைபடத்தில் சில மில்லிவாட் என்று எழுதப்பட்ட குழாய் பல மடங்கு வெப்பத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. எல்லா இணைப்புகளும் சரியாக இருந்தும் திரவ மட்டம் காரணமின்றிச் சரிகிறது என்று புதியவர்கள் ஒழுக்குத் தேடிக்கொண்டிருக்கையில், கைபழகியவர் முதலில் கலனின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். குழாயின் மேல்முனையில் சிறு வாயுக்கலம் ஒன்றை இணைப்பது அல்லது உள்ளே ஒரு நைலான் நூலைத் தொங்கவிடுவது பெரும்பாலும் போதுமான மருந்து.

2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் மீப்பாய்மமாகிறது. அதுவரை கொந்தளித்துக் கொதித்த திரவம் அந்தப் புள்ளியைக் கடந்ததும் அசைவற்றுத் தெளிந்துவிடுவதைக் கண்ணாடிக் கலன்களில் நேரே காணலாம். வெப்பத்தை அது அத்தனை எளிதில் கடத்துவதால் உள்ளே குமிழி தோன்ற வழியில்லை. நுண்ணலையால் மாதிரியில் உண்டாகும் வெப்பத்தை அகற்ற இதைவிட நல்ல ஊடகம் கிடையாது. ஆனால் மீப்பாய்மத்துக்குக் கலனின் சுவரைப் பற்றி மேலேறும் பழக்கமும் உண்டு. சில பத்து நானோமீட்டர் கனமுள்ள படலமாக அது சூடான பகுதி வரை ஏறி, அங்கே ஆவியாகி, பம்பின் சுமையைக் கூட்டுகிறது. ஏறும் அளவைத் தீர்மானிப்பது வழியில் உள்ள மிகக் குறுகிய சுற்றளவு. ஆகவே பம்புக் குழாயின் அடியில் கூர்விளிம்புள்ள சிறு துளைத் தகட்டை வைத்து அந்தச் சுற்றளவைக் குறைப்பது ஒரு பக்கம் பலன் தந்தாலும், அதே துளை ஆவியின் பாதையையும் நெரிக்கிறது. துளையின் விட்டத்தைத் தேர்வது இன்னும் கணிப்பொறியைவிட அனுபவத்தையே அதிகம் நம்பியிருக்கிறது. 4 கெல்வின் வரை ஒழுக்கின்றி நின்ற பற்றாசு இணைப்பு மீப்பாய்மத்துக்கு மட்டும் வழிவிடுவதும் உண்டு. அறை வெப்பநிலைக்குச் சூடேற்றிச் சோதித்தால் அந்த ஒழுக்கு மறைந்துவிடும் என்பதால், இத்துறையில் பொறுமையை மிகவும் சோதிப்பது அதுவே.

குளிர்கலன்களோடு நெடுநாள் வேலை செய்தோர் உண்மையில் அஞ்சுவது காற்றை. ஹீலியத்தைத் தவிர வேறெந்த வாயுவும் இக்குளிரில் வாயுவாக நிற்பதில்லை. மாதிரியை இறக்கும் கணத்தில் கழுத்துக்குள் நழுவும் சிறிது காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராவியும் உறைந்து, முதலில் குழாயின் சுவரில் வெண்மையான வளையமாகவும் பின்னர் கோலை இறுகப் பற்றும் பனிக்கட்டையாகவும் மாறுகின்றன. இதனால்தான் திறப்பதற்கு முன் பம்பின் வால்வை மூடி, ஹீலியம் வாயுவை விட்டு, உள்ளழுத்தம் வளிமண்டலத்தைச் சற்றே மிஞ்சும்வரை காத்திருக்கிறார்கள். திறந்தபின் வாயு வெளிநோக்கி வீசிக்கொண்டிருக்க வேண்டும், கோலின் நுனி உலர்ந்திருக்க வேண்டும், மாதிரிக் கிண்ணத்தின் அடியில் ஈரத்தின் சாயலும் இருக்கக் கூடாது. நீர் மட்டும் உறைந்தால் கோல் சிக்கும். காற்று உறைந்தால் ஊசி வால்வு அடைபடும். பிரதான கலத்திலிருந்து மாதிரிக் கலத்துக்குத் திரவத்தை ஊற்றும் அந்த ஊசி வால்வு மயிரிழை அளவே திறப்பது. அதில் ஒரு துகள் உறைந்த காற்று சென்றமர்ந்தால், கைப்பிடியை எத்தனை சுற்றுத் திருப்பினாலும் மட்டம் உயராது. அப்போது வலுக்கொண்டு திருப்புபவர் வால்வின் இருக்கையைக் கெடுத்துவிடுகிறார். வால்வின் அருகில் முன்கூட்டியே ஒரு சிறு மின்சூடேற்றியைப் பதித்து வைத்திருப்பவர் சில வாட் செலவில் அன்றைய பரிசோதனையைக் காப்பாற்றிக்கொள்கிறார். பழைய வடிவமைப்புகளில் இல்லாத இந்தச் சிறு உறுப்பைப் பெரிய மேம்பாடுகளின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

இவை அனைத்தும் கரைப்பு நேரத்துக்கு முந்தைய கவலைகள். கரைக்கும்போது நுண்ணலை நிறுத்தப்படுகிறது. மாதிரிக் கிண்ணம் திரவ ஹீலியத்தின் மட்டத்துக்கு மேலே, ஆனால் காந்தப் புலத்தை விட்டு விலகாத உயரத்துக்குத் தூக்கப்படுகிறது. 10 பார் அளவுக்கு அழுத்தப்பட்டுக் கொதிநிலையைக் கடந்து சூடேறிய நீர், கோலின் வழியே இறங்கி, கிண்ணத்தின் வாயை இறுக்கமாகக் கவ்வி, உறைந்த மணிகளைக் கரைத்துக்கொண்டு, ஹீலியம் வாயுவின் தள்ளலால் மறு குழாய் வழியே வெளியே பாய்கிறது. கார்பன்-13 இட்ட பைருவேட்டின் முனைவாக்கம் கரைசலில் ஒரு நிமிட அளவிலேயே தேய்ந்துவிடும் என்பதால் எல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும். நீரின் வெப்பம் போதாவிட்டால் மாதிரி பாதி கரைந்து குழாயிலேயே உறையும். கவ்விய இடம் சரியாகப் பொருந்தாவிட்டால் நீர்த்துளி கலனுக்குள் விழும். விழுந்த துளி உடனே கெடுதி செய்வதில்லை. அடுத்த மாதிரியும் அதற்கடுத்ததும் சிறிது சிறிதாகக் குறைந்த முனைவாக்கத்தைத் தருகின்றன, ஹீலியச் செலவு ஏறுகிறது, பிறகு ஒரு நாள் கிண்ணம் அடிவரை இறங்க மறுக்கிறது. கலனைச் சூடேற்றி உலர்த்திப் பார்க்கும்போதுதான் அடியில் தேங்கிய நீர் தெரியவருகிறது.

மருத்துவப் பயன்பாடு வந்தபோது இச்சிக்கலுக்கு வேறொரு கோணமும் சேர்ந்தது. மனித உடலில் செலுத்தப்படும் கரைசல் கிருமி நீங்கியதாக இருக்க வேண்டும், எனவே அது கருவியின் எந்தச் சுவரையும் தொடக் கூடாது. ஜி.இ. நிறுவனத்தின் ஸ்பின்லேப் கருவியில் மாதிரிக் கிண்ணம், நீர்க் கலம், குழாய்கள், வெளியேற்றும் பாதை ஆகிய யாவும் ஒருமுறை மட்டும் பயன்படும் மூடிய தொகுதியாக ஆக்கப்பட்டன. அதன் குளிர்ப் பகுதியும் துணிச்சலான மாற்றம்: 5 டெஸ்லா புலம், 0.8 கெல்வின் வெப்பநிலை, அதை அடைய வெளியே எந்திரப் பம்பு இன்றிக் கலனுக்குள்ளேயே அமைந்த கரிப் பம்பு. கிளர்வூட்டப்பட்ட கரியைக் குளிர்வித்தால் அதன் எண்ணற்ற நுண்துளைகள் ஹீலியம் வாயுவைப் பரப்பில் கவர்ந்துகொள்கின்றன. கரி நிறைந்ததும் அதைச் சூடேற்றினால் வாயு விடுபட்டு, குளிரூட்டியின் முகத்தில் மீண்டும் திரவமாகி, கீழே சொட்டுகிறது. ஹீலியம் கலனை விட்டு வெளியேறுவதே இல்லை; எண்ணெய் ஆவிக்கும் அங்கே இடமில்லை. இதற்கான விலை நேரம்: கரி மீளும் வரை கருவி ஓய்ந்திருக்க வேண்டும், ஆகவே மருத்துவமனையின் நாளோட்டம் கரியின் நாளோட்டத்துக்கு இணங்கியாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புராஸ்டேட் புற்றுநோயுள்ள 31 பேருக்கு மிகைமுனைவாக்கிய பைருவேட் செலுத்தப்பட்ட முதல் மனித ஆய்வு 2013இல் வெளியானபின், இத்தகைய கருவிகளுக்கான தேவை பல நாடுகளில் எழுந்தது.

ஆய்வகக் கருவிகளில் இதே காலத்தில் வளர்ந்தது திரவம் ஊற்றாத உலர் முறை. துடிப்புக் குழாய்க் குளிரூட்டி எனப்படும் கருவி, அழுத்தப்பட்ட ஹீலியத்தைச் சீராகத் துடிக்கவிட்டு, குளிர்ப்பகுதியில் அசையும் உறுப்பு எதுவுமின்றியே 4.2 கெல்வினில் ஒன்று முதல் ஒன்றரை வாட் வரை வெப்பத்தை அகற்றுகிறது. அதற்கு அது வாங்கும் மின்சாரம் 10 கிலோவாட் அளவு. மாதிரிக் கலத்தின் ஹீலியம் ஒரு மூடிய சுற்றில் பம்பிலிருந்து திரும்பி வந்து, குளிரூட்டியின் படிகளில் குளிர்ந்து, ஊசி வால்வில் விரிந்து திரவமாகிறது. பாரிஸின் எக்கோல் நார்மல் சுப்பீரியரில் 9.4 டெஸ்லாவில் இயங்கும் இவ்வகைக் கருவி 2018இல் வெளியானது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரே கலனை 3.35, 6.7, 10.1 டெஸ்லா ஆகிய மூன்று புலங்களில் இயக்கிக் காட்டிய கருவி 2019இல் வெளிவந்தது. ஹீலியத்தின் விலையும் தட்டுப்பாடும் ஏறிய காலத்தில் இவை வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை. எனினும் உலர் கருவி பிழையைப் பொறுப்பதில்லை என்பதைப் பயன்படுத்துவோர் விரைவிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஊற்றும் முறையில் சிறு காற்றொழுக்கு இருந்தால் நுழைந்த காற்றின் பெரும்பகுதி பம்பின் வழியே வெளியே போய்விடும், இழப்பு ஹீலியமும் பணமும் மட்டுமே. மூடிய சுற்றிலோ நுழைந்த ஒவ்வொரு மூலக்கூறும் சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில் மிகக் குறுகிய இடத்தில், அதாவது விரிவு வால்வில், குடியேறுகிறது. ஆகவே பம்புக்கும் கலனுக்கும் இடையே திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய கரிப்பொறி ஒன்றை வைத்துக் காவல் காக்கிறார்கள். மின்தடையோ, குளிரூட்டியின் ஹீலியத்தை அழுத்தும் அமுக்கிக்குச் செல்லும் குளிர்நீரின் தடையோ சிறிது நேரம் நீடித்தாலும், கலன் மீண்டும் குளிர்வதற்கு முன் சுற்று முழுவதையும் வெளியேற்றிக் கழுவுகிறார்கள். அழுக்கற்ற ஹீலியத்தைப் பேணும் பழக்கம் உள்ள இடத்தில் உலர் கருவி மாதக்கணக்கில் ஓடுகிறது. அப்பழக்கம் இல்லாத இடத்தில் பழைய ஊற்றும் கலனே சிக்கனமானது.

வெப்பநிலையை அளப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. ரூத்தீனியம் ஆக்சைடு மின்தடைமானி சிறியது, மலிவானது, ஆனால் காந்தப் புலத்தில் அதன் அளவு சற்றே நகர்கிறது. நுண்ணலை ஓடும்போது அது தன்னளவில் சூடாகி, திரவம் சூடாகிவிட்டதாகக் காட்டுகிறது. திரவத்தின் மேலுள்ள ஆவியழுத்தத்தை நல்ல அழுத்தமானியால் அளந்து வெப்பநிலையை அட்டவணையில் காண்பது பழைய முறைதான் எனினும், இரண்டும் முரண்படும்போது அழுத்தத்தையே நம்புவது நல்லது.

அண்மைக்கால முயற்சிகள் கொதிநீரையே கலனுக்கு வெளியே தள்ள முனைகின்றன. பென்னோ மையரும் உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட முறையில், முனைவாக்கிய திண்மம் ஒரு சிறு குண்டு போல ஹீலியம் வாயுவால் வெளியே எறியப்பட்டு, அளவீட்டுக் காந்தத்தின் அருகில் கரைக்கப்படுகிறது. குளிர்கலன் அப்போது நீரைக் காண்பதே இல்லை, ஆனால் எறியப்படும் பாதை முழுவதும் காந்தப் புலம் அறுபடாமல் நீள வேண்டும், ஏனெனில் குறைபுலத்தில் திண்மத்தின் முனைவாக்கம் கணநேரத்தில் அழிந்துவிடும். மற்றொரு வழியில், புறஊதா ஒளியால் பைருவிக் அமிலத்திலேயே தனி உறுப்புகள் உண்டாக்கப்படுகின்றன. அவை 190 கெல்வின் அளவுக்குச் சூடேறினால் மறைந்துவிடுவதால், உருகாத திண்ம நிலையிலேயே எலக்ட்ரான்கள் அகன்று, முனைவாக்கம் நெடுநேரம் நிலைக்கும் பொருள் கிடைக்கிறது. 2017இல் லோசான் குழு இதைக் காட்டியபின், ஓரிடத்தில் முனைவாக்கி வேறு நகரத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றுள்ளது. அப்படி அனுப்ப வேண்டுமானால் 4 கெல்வினில் நிற்கும் சிறு பயணக்கலன், அதனுள் ஒரு டெஸ்லா அளவு நிலைக்காந்தப் புலம், மாதிரியை ஏற்றவும் இறக்கவும் ஒரு கழுத்து ஆகிய மூன்றும் வேண்டும். முதலிரண்டுக்கும் விடைகள் கிடைத்துவருகின்றன. வண்டியில் குலுங்கும் கலனின் கழுத்தைக் காற்று புகாமலும் வெப்பம் இறங்காமலும் திறந்து மூடும் பொறியமைப்புத்தான் இப்போது வரைபலகையில் இருக்கிறது.